1974 ஆம் ஆண்டுக் காமெட் லாரியை 1/24 அளவில் கட்டுதல்: அசல் கேபின் எது?

சங்ககிரிச் சக்கரம் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என் தந்தையார் ஓட்டிய அசோக் லேலண்ட் காமெட் லாரியை 1/24 அளவில் மாதிரியாகக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். கையில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். 1974 இல் ஆயுத பூசையன்று இடப்பக்க முன்மூலையிலிருந்து எடுத்தது. தந்தையாரும் கிளீனரும் வண்டி உரிமையாளரும் பம்பரை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் முழுமையாகத் தெரிகின்றன.

தொழிற்சாலை வெளியிட்ட அசல் கேபினின் வரைபடத்தை மூன்று மாதங்களாகத் தேடி வருகிறேன். கிடைக்கும் பழைய படங்களில் ஒன்றில் இருக்கும் கேபின் மற்றொன்றில் இல்லை. ஒன்றில் முன்கண்ணாடி நேராக நிற்கிறது, ஒன்றில் சற்றுச் சாய்ந்திருக்கிறது. கேபினின் உச்சியில் பெயர் எழுதும் நெற்றிப் பலகை சிலவற்றில் கோபுரம் போல எழுகிறது, சிலவற்றில் அறவே இல்லை. இவற்றில் எது அசல் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். சக்கரங்களுக்காக வாங்கிய இத்தாலிய 1/24 ஐரோப்பிய லாரி கிட் ஒன்றும் என்னிடம் உள்ளது. அதன் சேஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கிப் பயன்படுத்தலாமா, சரக்குப் பெட்டிக்கு உண்மையான மரத்தையே வைக்கலாமா என்பவையும் என் ஐயங்கள்.

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, உங்கள் தேடல் முடிவுக்கு வராததற்குக் காரணம், நீங்கள் தேடும் பொருள் இல்லாததுதான். எண்ணூர் லேலண்ட் தொழிற்சாலையிலிருந்து அந்தக் காலத்தில் வெளியே வந்தது பெரும்பாலும் சேஸ் மட்டுமே. எஞ்சின், ரேடியேட்டர், அதன் முன்னே ஒரு முகத்தகடு, ஸ்டீயரிங், நான்கைந்து மானிகள், சக்கரங்கள் ஆகியவற்றோடு சரி. ஓட்டுநர் தற்காலிக இருக்கை ஒன்றில் அமர்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் திறந்த சேஸாகவே நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ கொண்டுவருவார். கேபினும் பாடியும் பட்டறையில் பிறந்தவை. ஆகவே இரண்டு படங்களில் இரண்டு கேபின்கள் இருப்பதில் வியப்பில்லை; ஒரே பட்டறையில் அடுத்தடுத்து வந்த இரண்டு வண்டிகளே ஒன்றாக இருக்கமாட்டா, ஏனென்றால் இரண்டாவது உரிமையாளர் முதல் வண்டியைப் பார்த்துவிட்டு நெற்றிப் பலகையை இன்னும் நான்கு அங்குலம் உயர்த்தச் சொல்லியிருப்பார்.

‘காமெட்டின் அசல் கேபின் எது’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்த வண்டிக்குப் பாடி கட்டிய ஊர் எது, ஆண்டு எது’ என்று கேளுங்கள். உங்கள் தந்தையாருக்கு நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது.

அரைநூல் எழுதியது:

பட்டறை ஐயா சொன்னதை மாதிரி கட்டுபவன் என்ற முறையில் வழிமொழிகிறேன். உங்களிடம் இருக்கும் புகைப்படமே வரைபடம்தான். அதிலிருந்து அளவெடுக்கத் தெரிந்தால் போதும்.

வண்டியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது, அது டயர். அக்கால இரட்டை அச்சு லாரிகளில் பரவலாக இருந்த 9.00-20 டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 1018 மி.மீ. பாரம் ஏறிய டயர் அடியில் நசுங்கியிருக்கும் என்பதால் விட்டத்தை மேலிருந்து கீழாக அளக்காதீர்கள், கிடையாக அளவுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. படம் மூலையிலிருந்து எடுக்கப்பட்டதால் வண்டியின் நீளம் குறுகித் தெரிகிறது. டயரின் கிடைவிட்டமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறுகுவதால் இரண்டையும் வகுக்கும்போது பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். முன்சக்கரம் அருகிலும் பின்சக்கரம் தொலைவிலும் இருப்பதால் இரண்டையும் அளந்து சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கத்தளத்தில் இல்லாத எதையும், குறிப்பாக முகப்பின் அகலத்தை, இந்த முறையில் அளக்க முயலாதீர்கள்.

1/24 ஐத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. நம் ஊர்ப் பட்டறைகள் அடி, அங்குலம், நூல் என்றே பேசும். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். 1/24 இல் ஒரு அடி அரை அங்குலமாகிறது. வண்டியில் மூன்று அங்குலம் மாதிரியில் சரியாக ஒரு நூல். தச்சரின் டேப்பை வைத்துக்கொண்டே வேலையை முடித்துவிடலாம், கணிப்பானைத் தேட வேண்டியதில்லை. பாடி 17 அடி என்று ஒருவர் சொன்னால் எட்டரை அங்குலம் வெட்டுவீர்கள். அகலம் ஏழரை அடி என்றால் மூன்று அங்குலம் ஆறு நூல். என் பெயர்க் காரணமும் இதுவே: என் பிழைகள் பெரும்பாலும் அரை நூலுக்குள் அடங்கும், அதாவது வண்டியில் ஒன்றரை அங்குலம்.

கிட் சேஸைக் குறுக்குவது குறித்து: வேண்டாம். ஐரோப்பிய நெடுந்தூர இழுவை வண்டியின் சட்டமும் அச்சும் ஸ்பிரிங்கும் வேறு. அதை மறைப்பதற்கு ஆகும் உழைப்பில் புதிதாகவே ஒன்றைக் கட்டிவிடலாம்.

பனிப்புயல் எழுதியது:

டொரான்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே பழைய லாரி மாதிரி என்றாலே ஏஎம்டி நிறுவனத்தின் 1/25 கிட்டுகள்தாம் முதலில் நினைவுக்கு வரும். பீட்டர்பில்ட் 359, கென்வொர்த், ஆட்டோகார் என்று நீண்ட மூக்கு வண்டிகள். அவற்றின் உதிரிகள் உங்களுக்குப் பயன்படும், ஆனால் கணக்குப் பார்த்து எடுங்கள். 1/24 க்கும் 1/25 க்கும் நான்கு சதவீதந்தான் வேறுபாடு என்று சொல்வார்கள், 4200 மி.மீ. அச்சு இடைவெளியில் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) அது 175 க்கும் 168 க்கும் உள்ள வேறுபாடு, ஏழு மி.மீ. கண்ணுக்கு நன்றாகவே தெரியும். மாறாக, டயரில் இந்த வேறுபாடே உதவுகிறது. 10.00-20 டயரை 1/25 இல் செய்தால் 42 மி.மீ. சொச்சம் வரும், 9.00-20 டயரை 1/24 இல் செய்தாலும் அதே 42 மி.மீ. சொச்சந்தான்.

ஓர் எச்சரிக்கை. பழைய கிட்டுகளின் மென்மையான வினைல் டயர்கள், மாதிரிகள் கட்டப் பயன்படும் பிளாஸ்டிக்கான ஸ்டைரீனைக் கரைத்துவிடும். டயரை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து சக்கர வளையத்துக்குள் இறங்குகிறது. நான் கட்டி அலமாரியில் வைத்த ஒரு வண்டியை ஆறு ஆண்டுகள் கழித்துத் தூக்கியபோது பின்சக்கரம் ஒன்று டயரோடு போய்விட்டது. வளையம் இருந்த இடத்தில் வெல்லப்பாகு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது வளையத்தைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டிய பிறகே டயரை மாட்டுகிறேன்.

டிங்கி நிறுவனம் 1949 இல் வெளியிட்ட லேலண்ட் காமெட் பொம்மையைப் பார்த்து யாரும் கேபின் வரைய வேண்டாம். அது இங்கிலாந்தில் விற்ற, மூக்கு நீண்ட, தொழிற்சாலைக் கேபினோடு வந்த காமெட். பெயர் ஒன்றுதான், முகம் வேறு.

சங்ககிரிச் சக்கரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தந்தையாரிடம் கேட்டேன். திருச்செங்கோட்டில் கட்டிய பாடி என்றும், சேஸ் வாங்கியது 1971 என்றும் சொன்னார். நெற்றிப் பலகை பற்றிக் கேட்டதற்கு, “முதலாளி அதற்குத்தான் இரண்டு வாரம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

டயர் முறையில் அளந்ததில் அச்சு இடைவெளி 4.2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. 175 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு சேஸைத் தொடங்கியிருக்கிறேன். உண்மையான சட்டத்தின் இரும்பு கால் அங்குலக் கனம் என்று கொண்டால் மாதிரியில் அது கால் மி.மீட்டருக்குச் சற்று மேல்தான். அந்தக் கனத்தில் ஸ்டைரீன் தாளை வெட்டி ஒட்டியபோது சட்டம் இரவோடிரவாக வாழைப்பழம் போல வளைந்துவிட்டது. என்ன செய்வது?

அரைநூல் எழுதியது:

அரை மி.மீ. தாளில் கட்டுங்கள். கண் பார்ப்பது சட்டத்தின் கனத்தை அன்று, அதன் விளிம்பை. மேல், கீழ் மடிப்புகளின் விளிம்பை மட்டும் உள்பக்கமாக உப்புத்தாளால் சாய்த்து மெலிதாக்கினால் முழுச் சட்டமும் மெல்லியதாகவே தோன்றும். இரண்டு சட்டங்களையும் ஒரே கண்ணாடிப் பலகையின் மேல், ஒரே நாளில் ஒட்டுங்கள். கரைப்பான் பசை மிகுந்தாலும் தாள் வளையும். தூரிகை நுனியில் ஒரு சொட்டுப் போதும், இடுக்கு தானாக உறிஞ்சிக்கொள்ளும்.

ஸ்பிரிங் பட்டைகளுக்கு ஸ்டைரீன் வேண்டாம். திருமண அழைப்பிதழ் அட்டையைப் பட்டையாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிப்படியாகக் குறைத்து அடுக்கி, வளைத்த நிலையில் நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையை ஊறவிடுங்கள். கல்லாகிவிடும். பட்டைகளுக்கு இடையே தெரியும் கோடும் இயல்பாக அமையும்.

அடுக்கு அச்சு எழுதியது:

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கணினியில் ஒருமுறை வரைந்துவிட்டால் கேபின் முழுவதையும் ரெசின் முப்பரிமாண அச்சில் ஓரிரவில் எடுத்துவிடலாம். ஓர் அடுக்கின் கனம் 0.05 மி.மீ.; அதை 1/24 க்குப் பெருக்கினால் வண்டியில் 1.2 மி.மீ. அவ்வளவு நுணுக்கம் கத்திக்கு வராது.

பழைய பட்டறை எழுதியது:

வரைவதற்கு முதலில் அந்தக் கேபின் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டுமே, தம்பி. நாங்கள் மரச்சட்டம் நிறுத்தி, அதன்மேல் தகட்டை ஆணியடித்து மடித்தோம். கதவின் மேல்மூலை வளைவு ஒவ்வொரு பக்கமும் சற்று மாறித்தான் இருக்கும், கையால் தட்டியது அல்லவா. கணினி இடக் கதவைத் திருப்பிப் போட்டு வலக் கதவாக்கும். பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும், திருச்செங்கோடு போல இருக்காது.

அரைநூல் எழுதியது:

இருவருக்கும் இடையில் நிற்கிறேன். விளக்கு வளையம், ரேடியேட்டர் முகத்தகடு, மானிகள் போன்ற தொழிற்சாலைப் பொருள்களை அச்சில் எடுப்பது சரி. அவை இயந்திரத்தில் பிறந்தவை. கேபினும் பாடியும் கையில் பிறந்தவை, அவற்றைக் கையாலேயே செய்வது எளிது, மலிவு. மரம் குறித்த கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை என்பதால் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தேக்குத் துண்டை வெட்டி வைக்காதீர்கள். மரத்தின் துளைகளும் ரேகைகளும் 1/24 ஆகச் சுருங்கமாட்டா. தேக்கின் ஒரு துளை உங்கள் பலகையில் ஆணித்துளை போலத் தெரியும். பால்சா மரம் நார்நாராக எழும். ஐஸ்கிரீம் குச்சிதான் நல்லது. அதன் அகலம் ஏறத்தாழ 10 மி.மீ., அதாவது ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பலகை. கனம் 2 மி.மீ.; உப்புத்தாளில் தேய்த்து 1.6 க்குக் கொண்டுவந்தால் ஒன்றரை அங்குலம்.

பழைய பட்டறை எழுதியது:

பலகைக்கு முன்னால் ஒன்று விட்டுப்போயிற்று. பாடியை நேரடியாகச் சேஸின்மேல் ஒட்டிவிடாதீர்கள். நீளவாட்டில் ஒரு மரக்கட்டை சேஸ் சட்டத்தின்மேல் படுக்கும், அதன்மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் பலகை. இரும்போடு இரும்பு உராயாமல் இருப்பதற்காகவும், சேஸ் முறுக்கிக்கொள்ளும்போது பாடி விரிசல் விடாமல் இருப்பதற்காகவும் அந்தக் கட்டை. அதைச் சேஸோடு பிணைப்பவை யூ போல்ட்டுகள். சேஸின் மேல்மடிப்பில் துளையிட்டால் சட்டம் அங்கேயே உடையும் என்பதால் துளையிடமாட்டோம். மாதிரிகளில் நான் கண்ட பொதுவான குறை இதுதான்: மேலே ஓவியமெல்லாம் அருமையாக இருக்கும், குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் பெட்டி சேஸின்மேல் சோப்புக்கட்டி போல உட்கார்ந்திருக்கும்.

திலகா 87 எழுதியது:

நான் 1/87 அளவில் இரயில் நிலையக் காட்சிகள் அமைப்பவள். லாரி எனக்குப் பக்கவாத்தியந்தான், ஆனாலும் எழுத்து வேலையில் சில ஆண்டுகள் கழித்திருக்கிறேன். சங்ககிரியாரே, நெற்றிப் பலகையில் என்ன எழுதியிருந்தது?

சங்ககிரிச் சக்கரம் எழுதியது:

‘முருகன் துணை’ என்று பெரிதாக இருக்கிறது, அம்மா. கணினியில் தட்டச்சு செய்து நீரில் நனைத்து ஒட்டும் தாளில் அச்சிடக் கொடுத்துவிட்டேன். எண் பலகையில் எழுத்து தெளிவில்லை; நாமக்கல் பகுதி என்பதால் டிஎன் 28 என்று போட்டிருக்கிறேன். பக்கப் பலகையில் ‘நேஷனல் பெர்மிட்’ என்றும் சேர்த்திருக்கிறேன்.

திலகா 87 எழுதியது:

மூன்றையும் நிறுத்துங்கள்.

எண் பலகை முதலில். மாநில எழுத்தும் வட்டார எண்ணும் கொண்ட டிஎன் 28 போன்ற முறை, 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 இல் நடைமுறைக்கு வந்த பின்னர் ஏற்பட்டது. 1974 இல் மூன்று எழுத்தும் அதன்பின் எண்ணும் இருந்த பழைய முறைதான். நேஷனல் பெர்மிட் திட்டம் வந்தது 1975 இல். உங்கள் படம் அதற்கு ஓராண்டு முந்தியது.

இப்போது ‘துணை’. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது 1978 இல். அதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகிய நான்குக்கும் முன்னால் இரட்டைச் சுழி வராது. எழுத்தின் தலையிலிருந்தே தும்பிக்கை போல ஒரு வளைவு எழுந்து சுழியும். உங்கள் கணினி எழுத்துரு 1978 க்குப் பிந்தைய ‘ணை’யைத்தான் தரும். தமிழ்நாட்டு லாரிகளில் மிகுதியாக எழுதப்பட்ட சொற்களில் ஒன்று ‘துணை’, அந்தச் சொல்லிலேயே இந்த எழுத்து இருக்கிறது. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சங்ககிரிச் சக்கரம் எழுதியது:

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். தும்பிக்கை இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருந்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை.

திலகா 87 எழுதியது:

அச்சிடக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டு, கையால் எழுதுங்கள். கடையில் கிடைப்பதில் ஆக மெல்லிய தூரிகையை எடுத்து, அக்ரிலிக் வண்ணத்தைச் சற்று நீர்க்க வைத்து, முதலில் எழுத்தின் மஞ்சள் உடலையும், காய்ந்த பிறகு இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் சிவப்பு நிழலையும் இடுங்கள். சுவரெழுத்துக்காரர் எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கத்தில்தான் நிழல் போடுவார். பிழையானால் ஈரப்பஞ்சால் துடைத்துவிடலாம். அடியில் இருப்பது காய்ந்த எனாமலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பனிப்புயல் எழுதியது:

இதைப் படித்ததும் என் டாட்டா வண்டியை எடுத்துப் பார்த்தேன். டாட்டா லாரிகளைத் தயாரித்த டெல்கோவுக்கும் டைம்லர் பென்ஸுக்கும் 1954 இல் ஏற்பட்ட கூட்டு 1969 இல் முடிந்தது. அதன்பின் வந்த வண்டிகளின் முகத்தில் பென்ஸ் நட்சத்திரம் இல்லை. நான் 1973 என்று எண் பலகை எழுதிவிட்டு நட்சத்திரத்தையும் ஒட்டி வைத்திருக்கிறேன். யாரும் இதுவரை சொல்லவில்லை. நாளை பிடுங்கப் போகிறேன்.

சங்ககிரிச் சக்கரம் எழுதியது:

ஒரு விபத்தைப் பதிவு செய்கிறேன். கேபினுக்குக் கார் பட்டறையில் பயன்படுத்தும் லாக்கர் சிவப்பை அடித்தேன். இரண்டு நாள் மழைக்குப் பின், மாலை ஆறு மணிக்கு, மாடியில். பத்து நிமிடத்தில் சிவப்பின்மேல் மோர் தெளித்தது போல வெண்படலம் படர்ந்துவிட்டது. தின்னர் பட்ட இரண்டு இடங்களில் ஸ்டைரீனும் சற்றுச் சுருங்கியிருக்கிறது.

அரைநூல் எழுதியது:

வெண்படலம் காற்றின் ஈரத்தால் வந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது; ஈரம் அதில் பனியாக இறங்கிப் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. வெயில் காயும் நாளில், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மிக மெல்லிய தூறலாக ஒருமுறை தெளியுங்கள். படலம் இளகி ஈரம் வெளியேறும். ஸ்டைரீன் சுருங்கியது வேறு கதை. லாக்கர் தின்னர் அதைக் கரைக்கும். அடியில் பிரைமர் இடாமல் ஈரமாக அடித்திருக்கிறீர்கள். சுருங்கிய இடத்தைப் புட்டி வைத்துத் தேய்த்து, பிரைமரைக் கிட்டத்தட்ட காய்ந்த நிலையில் விழும்படி தொலைவிலிருந்து மூன்று தூறல் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: முன்கண்ணாடியைச் சயனோஅக்ரிலேட்டால் ஒட்டினால் அதன் ஆவி கண்ணாடியை இதே போல வெளுக்கச் செய்யும், அதை மீட்பது கடினம். வெள்ளைப் பசை போதும்.

சங்ககிரிச் சக்கரம் எழுதியது:

சொன்னபடியே செய்து மீட்டுவிட்டேன். அடுத்து துருவும் அழுக்கும் ஏற்ற எண்ணியிருக்கிறேன். கதவின் அடியிலும் முகத்தகட்டிலும் துரு ஒழுகுவது போலச் செய்தால் பழைய வண்டி என்ற உணர்வு வரும் அல்லவா?

பழைய பட்டறை எழுதியது:

1971 இல் வாங்கிய வண்டிக்கு 1974 இல், அதுவும் ஆயுத பூசையன்று, எங்கிருந்து துரு வரும்? முந்தின நாளே கழுவி, சக்கரத்துக்குக் கறுப்பும் பம்பருக்கு வெள்ளியும் அடித்திருப்பார்கள். இணையத்தில் காயலான் கடை வண்டியைப் பார்த்து ஓடுகிற வண்டிக்குத் துரு ஏற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தேய்மானம் வேறு இடங்களில் இருக்கும். ஓட்டுநர் முழங்கை வைக்கும் கதவு விளிம்பில் வண்ணம் போய்த் தகடு பளபளக்கும். கிளீனர் ஏறும் பக்கம் படியின் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கும். பின்கதவுப் பலகையின் மேல்விளிம்பு மூட்டை உரசி வழவழப்பாகிவிடும். பூசையன்று எவ்வளவு கழுவினாலும் பலகை இடுக்கில் ஏற்றிய சரக்கு தங்கும். என்ன சரக்கு ஏற்றினார்கள்?

சங்ககிரிச் சக்கரம் எழுதியது:

பெரும்பாலும் சங்ககிரியிலிருந்து சிமெண்டு, திரும்பும்போது கிடைத்தது எதுவோ அது.

பழைய பட்டறை எழுதியது:

அப்படியானால் பலகை இடுக்கில் சாம்பல் நிறம், அதுவும் இறுகிப்போன சாம்பல். தூளாகத் தூவாதீர்கள், ஈரமாகக் குழைத்து இடுக்கில் தேய்த்துவிட்டு மேலே துடைத்துவிடுங்கள்.

சங்ககிரிச் சக்கரம் எழுதியது:

பெட்டியை மாட்டிவிட்டேன், யூ போல்ட்டுகளைக் கித்தார்க் கம்பியை வளைத்துச் செய்தேன், ஒரு பக்கத்துக்கு ஐந்து. நேற்றுத் தந்தையார் அறைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நெற்றிப் பலகையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பின்கதவைத் தொட்டு, “சங்கிலி எங்கே?” என்றார். பலகையைத் திறந்தால் கிடையாக நிற்கும்படி இரு பக்கமும் சங்கிலி இருந்ததாம், வலப்பக்கச் சங்கிலியில் ஒரு வளையம் அறுந்து கம்பியால் கட்டியிருந்ததாம். இந்த அளவுக்கு ஏற்ற சங்கிலி எங்கே கிடைக்கும்?

திலகா 87 எழுதியது:

கவரிங் நகைக் கடையில் மெல்லிய கழுத்துச் சங்கிலி முழக் கணக்கில் விற்பார்கள். அங்குலத்துக்குப் பன்னிரண்டு வளையத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். மெருகை உப்புத்தாளில் தேய்த்துப் போக்கிவிட்டுக் கறுப்பு அடியுங்கள். அறுந்த வளையத்துக்கு மின்கம்பியின் உள்ளிழை ஒன்று போதும்.

பழைய பட்டறை எழுதியது:

சங்கிலி பலகையின் வெளிப்பக்கக் கொண்டியில் மாட்டும், உள்பக்கத்தில் அன்று. உள்ளே மாட்டினால் மூட்டை இழுக்கும்போது சாக்கு கிழியும்.